பொலிவியா: 12 நாள், 61 வயது அம்மா, 4,000 மீட்டர் உயரம்

"சென்னையிலிருந்து கிளம்பி லா பாஸில் இறங்கி, உயுனி உப்புச் சமவெளியைப் பார்த்து, நேரம் இருந்தால் மச்சு பிச்சுவையும் பார்த்துவிட்டு வர 12 நாள் போதுமா, உப்பைத் தவிர பொலிவியாவில் வேறென்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், கூட மனைவியும் 61 வயது அம்மாவும் வருகிறார்கள், அம்மா சைவம் என்று ஒரு வரி. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. உப்புச் சமவெளியின் ஒரு புகைப்படத்துக்காக இத்தனை தூரம் போவது தகுமா, அம்மாவின் உடம்பு தாங்குமா, இரண்டையும்தான் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். மச்சு பிச்சுவை முதலிலேயே தூக்கிப் போட்டுவிடுங்கள், அது பெரு நாட்டில், அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

சிலே நாட்டின் வடக்கில் காலமா என்ற ஊரில் ஒரு தாமிரச் சுரங்கத்துக்குப் பம்புகள் பராமரிக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். மலையைத் தாண்டினால் பொலிவியா. விடுப்பு கிடைத்தபோதெல்லாம் அங்கே போயிருக்கிறேன், எட்டுத் தடவையாவது இருக்கும். மருத்துவன் இல்லை, அதனால் உடம்பு பற்றி நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். முதல் பயணத்தில் நான் செய்தது முழு முட்டாள்தனம். சிலேயில் சான் பெட்ரோ ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே ஜீப்பில் ஏறி, ஒரு மணி நேரத்தில் எல்லையில் சுமார் 4,500 மீட்டரைத் தொட்டு, அன்று இரவே லகுனா கொலராடா ஏரிப் பக்கம் ஏறத்தாழ 4,300 மீட்டரில் படுத்தேன். படுத்தேன் என்று சொல்லக்கூடாது, உட்கார்ந்திருந்தேன். மண்டை பிளக்கிற தலைவலி, குடித்த தண்ணீர்கூட வாந்தி, கண் அசந்தால் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது. அப்போது எனக்கு வயது 34, தினமும் ஓடுகிறவன். மறுநாள் ஓட்டுநர் கீழே இறக்கிக் கொண்டுபோன பிறகுதான் மனிதன் ஆனேன். கூட வந்த ஐம்பது வயது ஜெர்மன்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் அதற்கு முந்தைய பத்து நாளை மலை ஊர்களில் கழித்திருந்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: பொலிவியாவில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். லா பாஸ் நகரம் சுமார் 3,640 மீட்டர். விமானம் இறங்குவதோ அதற்கும் மேலே எல் ஆல்டோவில், 4,060 மீட்டரில். ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான் என்று நினைத்துப் பாருங்கள். எல் ஆல்டோவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 36 மணி நேரம் விமானத்தில் தூங்காமல் வந்து அம்மாவை நேராக அங்கே இறக்குவது சரியில்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடு என்பதுதான் மலை மருத்துவம் சொல்வது. இது உறுதியான விஷயம். இளமை, நல்ல உடற்பயிற்சி எல்லாம் உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்காது என்பதும் உறுதி. கோகா இலைத் தேநீர் குணப்படுத்துமா என்றால், அங்கே எல்லோரும் ஆமாம் என்பார்கள், நானும் லிட்டர் கணக்கில் குடித்திருக்கிறேன், சூடாக வயிற்றுக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் நிரூபணம் பலமாக இல்லை. அசெட்டசோலமைட் மாத்திரைக்கு நிரூபணம் உண்டு, ஆனால் அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கண்டிப்பாக. இன்னொன்று, கோகா இலை பொலிவியாவில் சட்டப்படி சரி, இந்தியாவில் குற்றம். தேநீர்ப் பையைக்கூட நினைவுப் பொருளாகப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே லா பாஸில் தொடங்காமல் லா பாஸில் முடியுங்கள். இறங்க வேண்டிய இடம் சாண்டா க்ரூஸ், சுமார் 400 மீட்டர். மாட்ரிட், சாவோ பாலோ இரண்டிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. பொலிவியா என்றால் லாமாவும் பனிமலையும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான்: புழுக்கம், மாமரம், பண்ணைப் பணம், பெரிய பெரிய வண்டிகள். ஆனால் நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இப்படித் தாழ்ந்த நிலம்தான், மலைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாது என்பதும் அந்த நாட்டின் அரசியலில் பாதி. 120 கிலோமீட்டர் தள்ளி சமய்பட்டா, சுமார் 1,600 மீட்டர். அங்கே குன்றின் மேல் 220 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாறையைக் குடைந்து வாய்க்கால், மாடம், விலங்கு உருவம் என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள், இன்கா பேரரசுக்கு முன்பே ஆரம்பித்த வேலை. ஓர் இரவு அங்கே தங்கினால் பயணக் களைப்பும் போகும், முதல் படியும் ஏறியாயிற்று.

அடுத்து சுக்ரே, சுமார் 2,800 மீட்டர், இங்கே நாலு நாள் போடுங்கள். நாலு நாளா என்று கேட்பீர்கள். சுற்றுலாக் குழுக்கள் அரை நாளில் முடித்துவிட்டுப் போகிற ஊர்தான், ஆனால் எனக்கு அந்த நாட்டில் மிகப் பிடித்த ஊர். சட்டப்படி நாட்டின் தலைநகரம் இதுதான், அரசாங்கம் மட்டும் லா பாஸில். 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை அறிவிப்பில் கையெழுத்தான மண்டபம் சதுக்கத்திலேயே இருக்கிறது. ஊர் முழுக்க வெள்ளையடித்த வீடுகள், ஓட்டுக் கூரை. ஊருக்கு வெளியே ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில், செங்குத்தான ஒரு சுவரில் 5,000-க்கும் மேற்பட்ட டைனோசர் காலடித் தடங்கள். ஒரு காலத்தில் ஏரிக்கரைச் சேறாக இருந்த தரைதான் மலை எழும்பியபோது நிமிர்ந்து நின்றுவிட்டது. நெசவு அருங்காட்சியகத்தில் ஹல்க்கா மக்களின் துணிகளை அம்மாவுக்குக் காட்டுங்கள். சிவப்பும் கறுப்பும் மட்டும், அதில் ஒழுங்கு வரிசையே இல்லாமல் தலைகீழாகவும் குறுக்காகவும் மிதக்கும் விசித்திர மிருகங்கள், ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று. கைத்தறி தெரிந்தவர்கள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் தரபுகோ சந்தைக்குப் போகலாம்.

சுக்ரேயிலிருந்து உயுனி போகும் சாலை பொடோசி வழியாகத்தான் போகும், ஏழெட்டு மணி நேரம். பொடோசி சுமார் 4,090 மீட்டர், அதனால் தூங்க வேண்டாம், சில மணி நேரம் நிறுத்துங்கள். ஊருக்கு மேலே கூம்பு வடிவில் செக்கச்செவேல் என்று நிற்கிற மலைதான் செர்ரோ ரிக்கோ, பணக்கார மலை. 1545-ல் அதில் வெள்ளி கண்டுபிடித்தார்கள், அறுபது எழுபது வருடத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரமாகிவிட்டது. சுற்றிலும் இருந்த பூர்வகுடி ஊர்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கை வருடாவருடம் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள், அந்த முறைக்குப் பெயர் மிதா. இந்த மலையில் 80 லட்சம் பேர் செத்தார்கள் என்று வழிகாட்டி சொல்வார். அந்த எண்ணுக்குப் பின்னால் பதிவேடு எதுவும் கிடையாது, வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. கொடுமை நடந்தது என்பதில் சந்தேகமில்லை, அதற்கு எண்ணை ஊதத் தேவையும் இல்லை. பழைய நாணயச் சாலை இப்போது அருங்காட்சியகம், அதைப் பாருங்கள். சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் சுற்றுலா உண்டு, அதற்குப் போகாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. சுரங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே பறப்பது சிலிக்கா தூசு, நுரையீரலைக் கல்லாக்கும். காற்றோட்டம், தாங்குகட்டை எல்லாம் நம்பும்படி இல்லை. உள்ளே தியோ என்று கொம்பு வைத்த ஒரு சிலை இருக்கும், தொழிலாளர்கள் அதன் வாயில் சிகரெட்டை வைத்து, காலடியில் கோகா இலையும் சாராயமும் படைப்பார்கள். மலைக்கு வெளியே கடவுள், உள்ளே தியோ, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. வெளியே வந்தால் மாதாகோவில் போவார்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை.

சரி, உயுனி. உயரம் 3,650 மீட்டர் சொச்சம். சுக்ரேயிலிருந்து பார்த்தால் புத்தகக் கணக்குப்படி இதுவும் ஒரு தாவல்தான், ஆனால் நாலு நாள் பழகிய உடம்புக்கும் நேற்று இறங்கிய உடம்புக்கும் வித்தியாசம் நிறைய. உப்புச் சமவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பல்லாயிரம் வருடங்களுக்கு முன் இருந்த பெரும் ஏரிகள் வற்றி விட்டுப்போன படிவு. அத்தனை பரப்பிலும் மேடு பள்ளம் ஒரு மீட்டர்கூட வராது, செயற்கைக்கோள்களின் உயரமானியைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் படத்தில் பார்த்த, வானம் கண்ணாடியில் போலத் தரையில் தெரியும் காட்சி எப்போதும் இருக்காது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, உப்பின் மேல் சில சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும், அப்போதுதான். எந்த நாள் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தாலும் நம்பாதீர்கள். தண்ணீர் அதிகமானால் கள்ளிச்செடித் தீவான இன்காவாசிக்கு ஜீப் போகாது. மே முதல் நவம்பர் வரை வறண்ட உப்பு, தேன்கூடு போலப் பலகோணக் கட்டங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், இரவில் நட்சத்திரம் அடிவானம்வரை இறங்கியிருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் குளிர் எலும்பைத் தொடும். வெயில் கீழிருந்தும் அடிக்கும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், உப்பு வெளிச்சத்தைத் திருப்பி எறிவதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும்கூட எனக்குத் தோல் உரிந்திருக்கிறது. வெயில் களிம்பை அங்கேயும் தடவுங்கள்.

உப்புக்கு அடியில் இருக்கும் உவர்நீரில் லித்தியம் இருக்கிறது, உலகில் கண்டறியப்பட்டதிலேயே மிகப் பெரிய குவியல்களில் ஒன்று. பல வருடமாகப் பேச்சு நடக்கிறது, எடுப்பது மட்டும் தள்ளாடுகிறது. வெளிநாட்டுக் கம்பெனி என்றாலே அந்தப் பக்கத்து மக்கள் முகம் சுளிப்பார்கள். ஐந்து மணி நேரத்துக்கு முன் பொடோசி மலையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

உயுனியிலிருந்து தெற்கே மூன்று நாள் ஜீப் பயணம் ஒன்று எல்லோரும் போவார்கள். பாசியால் சிவந்த லகுனா கொலராடா, அதில் மூன்று வகைப் பூநாரைகள், 4,850 மீட்டரில் கொதிக்கும் சேற்றுக் குழிகள், எரிமலை லிக்கன்காபூரின் அடியில் பச்சை ஏரி. நான் பார்த்த நிலங்களில் இதற்கு இணை கிடையாது. நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன். அம்மாவோடு வேண்டாம். இரவு 4,300 மீட்டர், ஆஸ்பத்திரி வெகுதூரம், நல்ல சாலையே கிடையாது. உப்புச் சமவெளியில் ஒரு முழு நாள், அஸ்தமனம் வரை, அது போதும்.

உயுனியிலிருந்து லா பாஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இப்போது பயமில்லாமல் இறங்கலாம். பெரிய கிண்ணம் ஒன்றின் சரிவெல்லாம் செங்கல் வீடுகள், பின்னால் 6,438 மீட்டர் இல்லிமானி பனிமலை, வீடுகளுக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டிகள். 2014-ல் ஆரம்பித்த இந்த ரோப் காரில் இப்போது பத்துத் தடங்கள், ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் ஊர்ப் போக்குவரத்து, சுற்றுலாவுக்கென்று கட்டியதில்லை. அம்மாவுக்கு நடையே இல்லாமல் நகரத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. சிவப்புத் தடத்தில் எல் ஆல்டோவுக்கு வியாழன் அல்லது ஞாயிறு போனால் சந்தை, டிராக்டர் பாகத்திலிருந்து நாய்க்குட்டிவரை கிடைக்கும். ஐமாரா என்ற பூர்வகுடி வியாபாரிகள் காசு சேர்ந்ததும் கட்டுகிற வண்ண வண்ண மாளிகைகளையும் பார்ப்பீர்கள், ஃப்ரெடி மமானி என்ற கட்டடக் கலைஞர் தொடங்கி வைத்த பாணி, கண்ணைக் கூசும், எனக்குப் பிடிக்கும். அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக வரும் பெண்களைச் சோலிட்டா என்பார்கள். ஒரு காலத்தில் இந்த உடையோடு நல்ல உணவகத்துக்குள் விடமாட்டார்கள், இன்று இதே உடையில் டிவியில் செய்தி வாசிக்கிறார்கள். அந்தத் தொப்பி, ரயில்வே வேலைக்கு வந்த ஆங்கிலேயர்களுக்காகத் தருவித்து அளவு சிறுத்துப்போனதால் பெண்கள் தலையில் விற்றது என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, அவ்வளவுதான் சொல்ல முடியும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், திட்டும் விழும்.

மொழி ஆசை இருந்தால் ஒரு விஷயம். 2009 அரசியல் சாசனம் ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. அதில் ஐமாரா மொழியில் நம் நாம், நாங்கள் வேறுபாடு அப்படியே இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் ஹிவாசா, விலக்கினால் நானாகா. விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போவதும் தமிழ் மாதிரிதான். உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிடாதீர்கள், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, உலகத்தில் பல மொழிகளில் இது உண்டு. ஆனால் ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் ஒரே நோசோத்ரோஸ் என்று ஆறு வருடம் பேசிக் களைத்த எனக்கு, சந்தையில் ஒரு பாட்டி இதை விளக்கியபோது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவர்களுக்கு இறந்த காலம் முன்னால், எதிர்காலம் முதுகுக்குப் பின்னால். நடந்ததுதான் கண்ணுக்குத் தெரியும், வரப்போவது தெரியாது, சரிதானே.

இரண்டு நாள் மிஞ்சினால் டிட்டிகாகா ஏரிக்கரையில் கோபகபானா, 3,800 மீட்டர். அங்கே மாதாகோவில் வாசலில் புது வண்டிகளுக்கு மாலை கட்டி, வண்ணக் காகிதம் தூவி, சக்கரத்தில் பீர் ஊற்றி, பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் குறை. பொலிவியாவின் கடற்படையையும் இந்த ஏரியில் பார்க்கலாம். 1879-ல் தொடங்கிய போரில் சிலேயிடம் கடற்கரையை இழந்தார்கள், ஆனாலும் கடற்படை வைத்திருக்கிறார்கள். நான் காலமாவில் வேலை பார்த்தேன் என்றால் அங்கே பெரியவர்கள் சிரித்துக்கொண்டே "அது எங்கள் ஊர்" என்பார்கள். வரலாற்றுப்படி தப்பும் இல்லை.

சாப்பாடு. "சின் கார்னே" என்று சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கோழி கொண்டுவருவார்கள். கார்னே, போயோ, பெஸ்காதோ, ஹமோன் என்று நாலையும் தனித்தனியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சூப் எல்லாம் பெரும்பாலும் எலும்புச் சாறு, நிலக்கடலை சூப்பும்கூட. அம்மாவுக்கு நம்பிக் கொடுக்கக் கூடியவை: சாண்டா க்ரூஸில் மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் குன்யாப்பே (முட்டை சேர்ப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்), மலையில் வேகவைத்த மக்காச்சோளம் பாலாடைக்கட்டியோடு, காலையில் ஊதாச் சோளத்தில் காய்ச்சிய சூடான ஆப்பி, எங்கே போனாலும் உருளைக்கிழங்கு. ஜூன், ஜூலை உறைபனியில் கிழங்கைப் பரப்பி, காலால் மிதித்து நீரெடுத்து, வெயிலில் காய வைத்துக் கறுப்பாக்கிய சூன்யோவும் கிடைக்கும், வருடக்கணக்கில் கெடாது, முதல் தடவை யாருக்கும் பிடிக்காது. தக்காளியையும் லொகோத்தோ மிளகாயையும் கல்லில் அரைத்த யாஹுவா எல்லா மேசையிலும் இருக்கும், அது உங்களைக் காப்பாற்றும். சுக்ரேயில் சமையலறையோடு அறை எடுத்து அரிசி பொங்கிக்கொள்ளுங்கள். உயுனியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

மாறக்கூடிய விஷயங்களை மாறக்கூடியவை என்றே சொல்கிறேன். 2023 முதல் அங்கே டாலர் தட்டுப்பாடு வந்து வங்கி விலை ஒன்று, தெரு விலை ஒன்று என்று ஆனது. போகும் வாரத்தில் தங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு, கசங்காத டாலர் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். விசா விதியை டெல்லியில் உள்ள தூதரகத்திடம் கேளுங்கள். திடீரென்று சாலையில் கல்லைப் போட்டு மறிப்பது அங்கே சகஜமான போராட்ட முறை, ப்ளோக்கேயோ என்பார்கள், ஒரு நாளிலும் முடியலாம், பத்து நாளும் ஆகலாம். அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். கணக்குப் பார்த்தால் அது பெரும்பாலும் கோபகபானாவை விழுங்கும், பரவாயில்லை.

கடைசியாக, இதை இந்த வாரமே கவனியுங்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பொலிவியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். உங்களுக்கும் மனைவிக்கும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் 60 வயதைத் தாண்டி முதல் தடவை போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி, ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால் கிளம்புங்கள். சுக்ரேயில் மூன்றாம் நாள் காலை அம்மா எப்படி எழுந்திருக்கிறார் என்று பாருங்கள். தலைவலி இல்லை, பசிக்கிறது என்றால் உயுனிக்கு வண்டி சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மனைவியோ நீங்களோ அவரோடு அங்கேயே இருந்துவிட்டு, சுக்ரேயிலிருந்தே சாண்டா க்ரூஸுக்கு இறங்கிவிடலாம். மே 25 சதுக்கத்தில் மரநிழலில் நல்ல பெஞ்சுகள் இருக்கின்றன, சந்தையில் பழச்சாறு கடைகள் வரிசையாக இருக்கின்றன, பாதி குடித்தபின் கேட்காமலேயே கொஞ்சம் மேலே ஊற்றுவார்கள்.